வார்னிஷுக்கு அடியில் ஒரு சபை

தான் வரைகிற படத்தில் இருக்கிற தேவாலயத்தில் தினமும் சாயங்காலம் ஆராதனை நடக்கிறது, தெருவை விட்டுப் போனவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து உட்கார்ந்து பாடுகிறார்கள், பாட்டில் சுருதி மட்டும் கொஞ்சம் இறங்குகிறது என்று அளப்பு சொன்னபோது, முடிதிருத்துகிறவரின் கத்தரிக்கோல் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"பாதிரியார் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் போடலை. வழுக்கையாத்தான் வேணுமாம். உங்க பிழைப்புக்கு ஆகாது."

அளப்பு நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை சங்கிலியால் அளந்தார், இப்போது வாயால் அளக்கிறார் என்று தெரு வைத்த பெயர்தான் அளப்பு. தான் அளந்து முடிக்கிறவரை ஒரு ஆறு ஓடாமல் மரியாதையாக நின்றது என்று அவர் சொல்வார். யாரும் நம்புவதில்லை. அவரும் நம்பச் சொல்லிக் கேட்டதில்லை; சொல்லும்போது நாக்கில் ஊறும் சுகமே போதும்.

ஆராதனை விஷயமும் அப்படி நாற்காலியில் சாய்ந்திருந்தபோது வாயில் வந்ததுதான். வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த படத்தின் முன்னால் குந்தித் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, யாரோ இருமினார்கள். கூட்டத்தில் இருமுகிறவர்கள் இருமுவதுபோல, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடக்கமாக.

வீட்டில் அவரைத் தவிர இருப்பது அவருடைய அக்கா மட்டும்; அவளோ மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

படம் கதவகலப் பலகையில் செய்தது. தெருக்கோடியில் இருக்கிற பழைய தேவாலயம் நடுவில். சுற்றிலும், புதிய அடுக்குமாடிகள் விழுங்கிவிட்ட பழைய வீடுகள். வெறும் சாயத்தில் வரைந்ததல்ல. தேவாலயத்தின் சுவருக்கு அதன் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பையே பசையில் குழைத்துப் பூசியிருந்தார். தையற்கடைக்குத் தையற்காரர் விட்டுப்போன லைனிங் துணி. ரொட்டிக்கடைக்கு அவர்களுடைய மாவுச் சாக்கு. எந்த இடமோ அந்த இடத்துப் பொருள்: இது அவர் வைத்துக்கொண்ட சட்டம். சந்தையில் வாங்கி ஒட்டுகிறவனெல்லாம் ஓவியனா என்று கேட்பார்.

இருமல் வந்த இடத்துக்கு மூக்கைக் கொண்டுபோனார். வார்னிஷ் வாடை. அதற்கு அடியில், அணைத்த மெழுகுவர்த்தியின் புகை, மழையில் நனைந்து வந்தவர்களின் உடைகள், நெடுநேரம் மூடிய அறையில் பல பேர் விட்ட மூச்சு. தேவாலயத்தின் சிறிய ஜன்னலுக்குக் கடிகாரக்காரர் கொடுத்த கைக்கடிகாரக் கண்ணாடியைப் பதித்திருந்தார். அந்தக் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்திருந்தது.

மறுநாள் முடிதிருத்தும் கடைக்குப் போய், முதன்முறையாகத் தானாக எதுவும் சொல்லாமல், கடிகாரக்காரரைப் பற்றி விசாரித்தார்.

"மகன் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனா பாருங்க, கடையைக்கூடப் பூட்டலை. ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சு. கண்ணுல வைக்கிற அந்த லென்ஸு மேஜை மேல கிடந்துச்சு. ஏன், உங்க ஆராதனைக்கு வந்துட்டாரா?"

முடிதிருத்துகிறவர் சிரித்தார். மற்றவர்கள் தெருவை விட்டுப் போனபிறகுதான் அவர்களின் பொருளை அளப்பு எடுத்தார். கடிகாரக்காரர் மட்டும் இருந்துகொண்டே கொடுத்தார். கண்ணாடியை ஒட்டி, அதன்மேல் வார்னிஷ் அடித்த பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே அக்காவின் குரல் கேட்டது.

"டேய், என் சால்வை ஓரத்தை எந்த எலிடா கடிச்சுது?"

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

தேவாலயத்தின் வாசலில் முன்பு ஒரு பழுப்புக் கம்பளித் திரை தொங்கும். அது எப்போதோ மக்கிப்போயிற்று. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சொந்தப் பொருள் கிடைக்கவில்லை. நிறம் பொருந்துகிறதே என்று, பழந்துணிக் கூடையில் கிடந்த ஒரு கம்பளியின் ஓரத்தை வெட்டி ஒட்டினார். அக்கா தைக்கப் போட்டு வைத்திருந்த சால்வையை வேண்டாததென்று நினைத்துவிட்டார். ஒட்டியதோடு விடவில்லை. மூன்று பூச்சு வார்னிஷ்.

கத்தியை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் உட்கார்ந்தார். நுனியை அந்தத் துணுக்கின் விளிம்பில் செருகி, மயிரிழை அளவு நெம்பினார்.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது.

"ஒண்ணுமில்லடா. தோள்ல யாரோ தோலை உரிச்ச மாதிரி சுரீர்னுச்சு. வயசாச்சில்ல."

கத்தியைக் கீழே வைத்தார். உரித்தாலும் போச்சு. விட்டாலும் போச்சு. பலகையோடு எரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த நெருப்பு யார்மேல் பிடிக்கும் என்று நினைத்ததுமே அதையும் விட்டார்.

"அக்கா, நீ நம்ம தங்கச்சி வீட்டுக்குப் போய் கொஞ்ச நாள் இரு. இப்பவே கிளம்பு."

"ஏன், நான் சமைக்கிறது இறங்கலையா?"

சொன்னார். ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், பிறந்ததிலிருந்து ஒருமுறையும் பேசாத விதமாக எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஆறு நின்ன கதையைவிட இது நல்லாருக்குடா. முகத்தைக்கூட எப்படி வச்சுக்கிட்டிருக்கே பாரு."

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

"எங்கே, காட்டு உன் சபையை."

அவர் குறுக்கே நின்றார். அவள் சின்ன வயதில் தள்ளுவதுபோலவே தோளால் தள்ளிவிட்டுப் போய், படத்தின் முன்னால் குனிந்தாள். வெளியே அடுக்குமாடியின் நிழல் தெருவைக் கடந்து கூடத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே கட்டட வேலை செய்யும் கிரேனின் ஓசை நின்றிருந்தது. தெருவில் ஒரு ஓசையும் இல்லை.

அவள் கையை அவர் இறுகப் பிடித்திருந்தார். சூடான கை. வெங்காய வாசனை அடித்த கை.

"ஒரு மண்ணும் கேக்கலையேடா," என்று காதைப் பலகையில் வைத்தாள். பிறகு, "இரு," என்றாள். புருவம் சுருங்கியது. "யாரோ தள்ளி உக்காந்து இடம் விடறாங்க."

நிழல் பலகையின் மேல் ஏறியது.

பிடி தளரவில்லை. பிடித்திருந்த கையைத்தான் காணோம். அவருடைய விரல்கள் அவருடைய உள்ளங்கையிலேயே முட்டி நின்றன.

கூடம்.

அக்காவின் இரண்டு வீட்டுச் செருப்புகள்.

வெங்காய வாசனை.

"அக்கா."

படத்தில் வாசல் திரை ஒருபக்கம் விலகியிருந்தது. உள்ளே அவர் ஒருபோதும் வரையாத பெஞ்சுகள். வரிசை வரிசையாக முதுகுகள். தையற்காரரின் கூன் விழுந்த முதுகு. ரொட்டிக்கடைக்காரரின் அகன்ற முதுகு. கடிகாரக்காரரின் சாய்ந்த கழுத்து. கடைசி பெஞ்சின் ஓரத்தில், இன்னும் ஈரம் காயாத சாயத்தில், ஒரு பெண்.

அவர் நகத்தால் கீறினார். வார்னிஷ் கல்லாக இருந்தது. நகம் பிய்ந்தது. மறுபடியும் கீறினார்.

ஓசை கேட்டு அவர்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவராக. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லாரும்.

யாருக்கும் முகம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்திலும் வாய் இருக்க வேண்டிய இடத்திலும் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு மட்டும் இருந்தது. கடைசி பெஞ்சில் இருந்தவளின் பூச்சு இன்னும் மிருதுவாக இருந்தது. உதடு அசைய வேண்டிய இடத்தில் அது உள்வாங்கியது, புடைத்தது, மறுபடி உள்வாங்கியது.

"தம்பி," என்றது அக்காவின் குரல், வெகு அருகில். "நீ சொன்னது நிஜம்தான்டா."