காளையெறும்புகளின் விரதம்

சயந்தன் மூன்று கிழமைக்கு ஸ்கொட்லாந்துக்குப் போனபோது, தன் தங்கை ஜதுர்ஷிகா என்ற ஜதுவிடம் ஒரு ராணியை ஒப்படைத்துவிட்டுப் போனான்.

அரண்மனை ராணி என்று நினைத்துவிடாதீர்கள். இவள் லண்டன் வெஸ்ட் ஈலிங்கில், இரண்டாம் மாடி வீடொன்றில், சயந்தனின் மேசை மேல் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்ந்த எறும்பு ராணி. அவளுக்கு நான்கு வேலைக்காரிகள். ஏழு குடம்பிகள். குடம்பி என்றால், இன்னும் கால் முளைக்காத எறும்புக் குழந்தை. வெள்ளை வெளேரென்று, குண்டுக் குண்டாகக் கிடக்கும். அவ்வளவுதான் அவளுடைய ராச்சியம்.

ஆனால் இவை சீனிப் போத்தலைச் சுற்றி வரும் எறும்புகள் இல்லை. அவுஸ்திரேலியக் காளையெறும்புகள்! ஒவ்வொன்றும் ஜதுவின் சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். நீளத் தாடை, பெரிய கறுப்புக் கண். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் இடப்பக்கம் தலையைத் திருப்பி உங்களையே பார்க்கும். கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். சயந்தனுக்கு ஒருமுறை கொட்டியது. இருபது வயது ஆள், குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதான்.

“ஜது, வடிவாக் கேள்,” என்றான் அவன், போகிற அன்று. “பெரிய மூடியைத் திறக்கவே கூடாது. இந்தச் சின்ன ஓட்டையாலை, இந்த நீளமான இடுக்கியாலைதான் சாப்பாடு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தேன்தண்ணி. கிழமையிலை ரெண்டு தரம் ஒரு சிள்வண்டு. பிறீசருக்குள்ளை வெள்ளைப் பெட்டியிலை இருக்கு. எல்லாம் செத்ததுதான், பயப்பிடாதை.”

“நான் ஏன் பயப்பிடுறன்?”

“போன கூட்டம் முழுக்க என்ரை கையாலை செத்துப்போச்சு. இந்த ராணிக்கு ரெண்டு வருசம் காத்திருந்தனான். இந்த ஏழும் வளர்ந்து வந்தால்தான் கூட்டம் நிலைக்கும். உன்னை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்.”

உன்னை நம்பித்தான்! பத்து வயது ஜதுவுக்கு ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது போல இருந்தது. அண்ணன் அவளிடம் இதுவரை ஒரு பென்சிலைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை.

முதல் வாரம் எல்லாம் சரியாகவே நடந்தது. இரண்டாம் வாரம் அம்மா பிறீசரைக் கழுவினார்.

அம்மன் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள் அம்மா வீட்டில் எதையும் விட்டுவைக்க மாட்டார். சட்டி பானை, தரை, திரைச்சீலை எல்லாம் குளிக்கும். ஜது வந்து பார்த்தபோது பிறீசருக்குள் ஒரு பை பட்டாணி மட்டும் தனியே உட்கார்ந்திருந்தது.

“அம்மா! இதுக்குள்ளை இருந்த வெள்ளைப் பெட்டி எங்கை?”

“மீன், இறால், உன்ரை சொசேஜ், எல்லாத்தையும் ஒரு பையிலை போட்டு, கீழ்வீட்டுப் பியற்றிஸ் அன்ரியிட்டைக் குடுத்திட்டன். தேர் முடியுமட்டும் எங்கடை வாசலுக்குள்ளை மச்சம் வராது.”

மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடக்கம்.

“சிள்வண்டும் மச்சமா அம்மா?”

“உயிரோடை திரிஞ்ச எல்லாம் மச்சம்தான். இந்த வருசம் நான் பாற்குடம் எடுக்கிறன் பிள்ளை. அப்பான்ரை முழங்கால் ஒப்பரேசன் நல்லா முடியவேணும் எண்டு போன வருசம் அம்மனுக்கு வைச்ச நேர்த்தி. அம்மன் நடத்தித் தந்திட்டா. அதிலை ஒரு குறையும் வரக்கூடாது.”

ஜது யோசித்தாள். வீட்டில் எல்லாரும் சைவம். அப்பா சைவம். பேர்கருக்கு உயிரை விடுகிற அவளே சைவம். எறும்புகள் மட்டும் என்ன பெரிய ஆட்களா? அவையும் கொஞ்ச நாள் சைவமாக இருந்தால் என்ன?

அன்றிலிருந்து பெட்டிக்குள் தேன்தண்ணி தாராளமாகப் போயிற்று. ஒரு பருக்கைப் பால்சோறு, ஒரு துளி வாழைப்பழம், கோயிலில் கிடைத்த பஞ்சாமிர்தத்தில் ஒரு பொட்டு என்று விதவிதமாகப் போட்டாள். வேலைக்காரிகள் தேனைக் குடித்தன. சுறுசுறுப்பாக ஓடின. கண்ணாடிக்கு இப்பால் நின்ற ஜதுவை முறைத்தும் பார்த்தன. அவளுக்கு ஒரே பெருமை.

“அம்மா, என்ரை எறும்புகளும் விரதம்!”

“பாத்தியே? உன்னைவிட அதுகளுக்குப் பக்தி கூட,” என்று அம்மா சிரித்தார்.

ஆறாம் நாள் காலை குடம்பிகளை எண்ணிப் பார்த்தாள். ஐந்துதான் இருந்தன. திரும்ப எண்ணினாள். அப்போதும் ஐந்துதான். எங்காவது மண்ணுக்கடியில் புரண்டு கிடக்கும் என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். எண்ணிய ஐந்தில் ஒன்று ராணியின் தாடைக்குள் இருந்தது. ராணி அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தின்றுகொண்டிருந்தாள்.

“ஐயோ!” ஜது கண்ணாடியைத் தட்டினாள். “உன்ரை பிள்ளையையே தின்னுறியே?”

ராணி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜது மேசைக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். அண்ணனைக் கூப்பிடவும் வழியில்லை. அவன் இருந்த மலையடிவாரத்தில் போன் வேலை செய்யாது. சனிக்கிழமை பட்டணத்துக்கு வந்துதான் பேசுவான்.

அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் வரை அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. மிச்சம் இருந்த நான்கு குடம்பிகளும் வாடிச் சுருங்கிப் போயிருந்தன. ஒரு வேலைக்காரி பக்கத்தில் வந்தபோதெல்லாம் அவை கழுத்தை நீட்டின. வேலைக்காரி வாயில் ஒன்றும் இல்லை. அது தடவிக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அவை மறுபடியும் கழுத்தை நீட்டின.

போன வாரம் என்ன நடந்தது என்று ஜது நினைத்துப் பார்த்தாள். சிள்வண்டைப் போட்டதும் வேலைக்காரிகள் அதைத் தின்னவில்லை. துண்டு துண்டாக வெட்டி, நேரே குடம்பிகளின் மேலேதான் கொண்டுபோய் வைத்தன. அப்படியென்றால் தேன் பெரியவர்களுக்கு. மச்சம் குழந்தைகளுக்கு. பெரியவர்கள் வயிறு நிறையத் தேன் குடித்த அந்த ஆறு நாளும், குழந்தைகள் பட்டினி கிடந்திருக்கின்றன!

“நான்தான் அதுகளைப் பட்டினி போட்டனான்,” என்று அவள் மெல்லச் சொல்லிக்கொண்டாள்.

நேரே அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“பாவம் பிள்ளை,” என்றார் அம்மா. “எண்டாலும் நேர்த்தி வைச்சிட்டு, வீட்டுக்குள்ளை மச்சம் கொண்டுவர என்னாலை ஏலாது ஜது. என்ரை மனம் ஒருக்காலும் ஆறாது.”

ஜது அம்மாவைப் பார்த்தாள். ஒரு நேரச் சாப்பாட்டோடு ஆறு நாளாக இருக்கிற அம்மாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அம்மாவோடு சண்டை பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. எறும்புக் குழந்தைகளை விடவும் மனம் வரவில்லை.

“வாசலுக்குள்ளைதானே அம்மா வரக்கூடாது?”

“ஓம்.”

“வாசலுக்கு வெளியிலை?”

அம்மா பதில் சொல்வதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பியற்றிஸ் அன்ரி கதவைத் திறந்ததும் ஜது மூச்சு வாங்கக் கேட்டாள். “அன்ரி, அம்மா தந்த பையிலை ஒரு வெள்ளைப் பெட்டி இருந்ததே?”

“எட, அந்தக் கூனியா?”

“கூனியா?”

“கூனி இறால்தானே? நேற்றுச் சம்பல் போடுவம் எண்டு எடுத்து, சட்டியையும் அடுப்பிலை வைச்சிட்டன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தால், மாதாவே, ஒவ்வொண்டுக்கும் மீசை! முழங்கால்! லண்டன் கூனி இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன். எண்டாலும் கை வரேல்லை. உன்ரை அம்மா யோகமலர் தந்ததை எறியவும் மனமில்லை. பழையபடி பிறீசருக்குள்ளை வைச்சிட்டன்.”

“அது சிள்வண்டு அன்ரி! எறும்புச் சாப்பாடு!”

பியற்றிஸ் அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜதுவுக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

ஜது மேலே போய், எறும்புப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஓர் ஆட்டம் அசைவு இல்லாமல் அடிமேல் அடி வைத்து நடந்தாள். வாசலைத் தாண்டினாள். வெளியே, படிக்கட்டுக்கு மேலே இருந்த தரையில் மெல்ல இறக்கி வைத்தாள். பியற்றிஸ் அன்ரி சிள்வண்டுப் பெட்டியோடு ஆறு படி கீழே நின்றுகொண்டார்.

“கிட்ட வாங்கோ அன்ரி.”

“இல்லையம்மா. இங்கை நல்ல காத்து.”

ஜது ஓர் உறைந்த சிள்வண்டை எடுத்து, குளிர் போகும்வரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள். பிறகு இடுக்கியால் பிடித்து, சின்ன ஓட்டைக்குள் விட்டு, அடைப்பை மூடினாள். ஒரு வேலைக்காரி தலையைத் திருப்பியது. ஒரே பாய்ச்சல்! சிள்வண்டைக் கவ்வி, இழுத்து, வெட்டி, ஒரு துண்டை முதல் குடம்பியின் மேல் வைத்தது. குடம்பி கழுத்தை வளைத்தது. அதன் சின்ன வாய் அசையத் தொடங்கிற்று.

“சாப்பிடுது! அன்ரி, சாப்பிடுது!”

பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டது. அம்மா வாசலுக்கு உள்ளேயே நின்று எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு காலை வெளியே வைத்தார். அப்புறம் மற்றக் காலையும் வைத்து, ஜதுவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தக் கடைசியிலை கிடக்கிறதுக்கு இன்னும் ஒண்டும் குடுக்கேல்லையே?” என்றார் அம்மா.

“வரும் அம்மா. முறைக்குத்தான் குடுக்கும்.”

இரண்டாவதுக்குக் கிடைத்தது. மூன்றாவதுக்குக் கிடைத்தது. கடைசிக் குடம்பி கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தது. அம்மா ஜதுவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ராணியே எழும்பி வந்தாள். ஒரு துண்டை எடுத்தாள். அதைத் தான் தின்னாமல் கடைசிக் குடம்பியின் மேல் வைத்தாள்.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. “சின்னப் பிள்ளையளுக்கு என்ன விரதம்? எனக்குப் புத்தி வேலை செய்யேல்லை. பெட்டியை உள்ளுக்குக் கொண்டு வா ஜது. அம்மன் ஒண்டும் சொல்ல மாட்டா.”

ஜது தலையாட்டி மறுத்தாள்.

“வேண்டாம் அம்மா. உங்கடை நேர்த்தி உங்களுக்குப் பெரிசெல்லோ. தேர் முடியுமட்டும் நாங்கள் இங்கையே சாப்பாடு தீத்துவம். சாப்பிட்டு முடிஞ்சு மிச்சத்தை எடுத்தாப் பிறகு உள்ளுக்குக் கொண்டு போவம்.”

அம்மா அவளுடைய தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பியற்றிஸ் அன்ரி மூன்று படி ஏறி வந்திருந்தார்.

சனிக்கிழமை அண்ணன் போன் பண்ணினான். ஜது “ஹலோ” கூடச் சொல்லாமல், “அண்ணை, என்ரை பிழையாலை மூண்டு குடம்பி செத்துப்போச்சு,” என்று தொடங்கி, கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“கோவமா அண்ணை?”

“கவலைதான். ஆனா கோவம் இல்லை. போன முறை எனக்கு என்ன பிழை எண்டே கடைசி வரைக்கும் தெரியேல்லை ஜது. நீ இருந்து பாத்துக் கண்டுபிடிச்சிட்டாய். நாலு இருக்குத்தானே?”

“நாலும் இருக்கு. இப்ப குண்டாயிட்டுது.”

“அப்ப கூட்டம் நிலைக்கும்,” என்றான் அண்ணன். ஜதுவுக்கு அன்றுதான் ஒழுங்காக நித்திரை வந்தது.

தேர் அன்று காலை வீடே பரபரத்தது. அப்பா வேட்டி சால்வையோடு முதல் ஆளாகக் கீழே இறங்கி, புதிய முழங்காலோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்தார். ஆட்கள் வருகிற அறிகுறியே இல்லை. காரைவிட்டு இறங்கி, படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.

“யோகமலர்! நேரம் போகுது! தேர் வெளிக்கிடப் போகுது!”

இரண்டாம் மாடியில், பட்டுச் சேலையோடு வெறுந்தரையில் குந்தியிருந்த அம்மா, கண்ணாடிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் குரல் கொடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்கோப்பா, பிள்ளையள் சாப்பிட்டு முடியேல்லை!”