குறை சொல்ல ஆளில்லாத பெட்டி

நிலவின் வெண்மேட்டில் புதுக் குடும்பத்துக்கு வீடு ஒதுக்கும்போது சாவி தரமாட்டார்கள். ஒரு சாக்குப்பை நிறைய உதிரிபாகங்களைத் தருவார்கள். சுற்றுப்பலகை, செயலி, நினைவுச் சில்லுகள், கம்பிகள், ஒரு திருப்புளி. பத்து நாளுக்குள் அதையெல்லாம் பூட்டிக் கணினியாக்கி வீட்டுச் சுவர் மாடத்தில் வைத்துவிட வேண்டும். அதற்கு மனைமதி என்று பெயர். வீட்டுக்குள் காற்றை விடுவது, சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது, காற்றில்லாத நிலவுத் தரைக்குத் திறக்கும் வெளிக்கதவைப் பூட்டி வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. நிலவில் பழுது பார்க்க ஆள் வந்து சேருவதற்குள் மூச்சு நின்றுவிடும். அதனால் அவரவர் மனைமதியை அவரவரே கட்டப் பழக வேண்டும் என்பது குடியேற்றச் சட்டம். கட்டி முடிக்கும்வரை கழுத்தில் தொங்கும் காற்றுக்குப்பிதான் துணை.

சாக்குப்பையில் இல்லாதது ஒன்றே ஒன்று, இத்தனையையும் உள்ளே வைத்து மூடுகிற பெட்டி. அதை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள்.

அமலோற்பவம், சுருக்கமாக அமலி, தூத்துக்குடியில் இறால் ஆலையில் தரம் பார்த்தவள். கணினியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எட்டு நாளில் கட்டி முடித்துவிட்டாள். மேசைமேல் அது அம்மணமாகக் கிடந்தது. கணவன் சூசை பனிச்சுரங்க வேலை முடிந்து வந்ததும் சந்தைத் திரையைத் திறந்தான்.

"இந்த வெண்முத்தப் பாரு. சத்தமே கெடையாதாம், முத்துமாதிரி வெளிச்சம் வேற. நானூத்திப் பன்னெண்டு பேரு கருத்து எழுதியிருக்காவ. ஒருத்தன்கூட குறை சொல்லல. எல்லாரும் அஞ்சு நட்சத்திரம்!"

"இன்னொண்ணு கெடக்கே, கரும்பாறைன்னு?"

"அதப் படிச்சா வயித்தக் கலக்குது. கிரைண்டர் ஓடுத சத்தமாம். மூடி விரல நசுக்குதாம். கெட்டிச் சுவரு, சூடு வெளிய போவணும்னு நாலு விசிறி. ரெண்டு நட்சத்திரம்தான்."

அமலிக்கும் வெண்முத்துதான் பிடித்திருந்தது. ஒரே ஒரு சந்தேகம். மாடம் ஆழம் குறைவு, அதற்குள் நுழையுமா? முன்பே வாங்கியவர்களிடம் கேட்க வசதி இருந்தது. விவரமாக எழுதியிருந்த ஏழு பேருக்குக் கேள்வி அனுப்பினாள். மறுநாள் வரை பதில் இல்லை. இன்னும் இருபது பேருக்கு அனுப்பினாள். மூன்று பேர் உடனே எழுதினார்கள். மூவரும் சென்ற மாதம் வாங்கியவர்கள். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை.

சும்மா இருக்கட்டுமே என்று அதே கேள்வியைக் கரும்பாறைக்காரர்கள் பகுதியிலும் போட்டாள். கால்மணி நேரத்தில் பதினோரு பேர் வந்து விழுந்தார்கள். நுழையும், ஆனால் காது செவிடாகும் என்றார் ஒருவர். ஆறு வருஷமாகத் திட்டிக்கொண்டே வைத்திருக்கிறேன் என்றார் இன்னொருவர்.

ஆலையில் தரம் பார்த்த கண் அமலிக்கு. ஏதோ ஒன்று உறுத்தியது.

வெண்முத்தைப் புகழ்ந்தவர்களில் பாக்கியநாதன் என்பவர் தன் மகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டிருந்தார். கிழக்கு வரிசை, முப்பத்தொன்று. வீடுகளை இணைக்கும் மூடிய நடைபாதையில் நடந்து போகிற தூரம்தான். போய்க் கதவைத் தட்டினாள். திறந்தது வேறொரு ஆள், முழங்கை வரை ரொட்டி மாவோடு.

"பாக்கியநாதனா? எங்களுக்கு முன்னால இருந்தவங்க போல. காத்துக் கசிவுன்னு சொன்னாங்க. குடும்பமே போச்சாம்."

அவன் தோளுக்குப் பின்னால், மாடத்தில், வெண்முத்து மென்மையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"பெட்டி புதுசு மாதிரி இருந்துச்சு. நம்ம சாமானை அதிலேயே பூட்டிட்டோம்" என்றான் அவன். "ரொம்ப நல்ல பெட்டிங்க."

அமலி விறுவிறுவென்று திரும்பினாள். வீட்டுக்கு வந்து குடியிருப்புப் பதிவேட்டைத் திறந்து பதில் சொல்லாதவர்களை ஒவ்வொருவராகத் தேடினாள். வீடு காலி. காரணம் காற்றுக் கசிவு. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பிறகு தேதிகளை ஒப்பிட்டாள். இருபத்து நான்கு வீட்டுக்கும் ஒரே தேதி, போன வருஷம் சூரியப் புயல் அடித்த நாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் சுவர் மெல்லியதாக இருப்பதால் சூடு தானே வெளியேறிவிடும், வெண்முத்துக்கு விசிறி வேண்டாம், சத்தமும் இல்லை. அதே மெல்லிய சுவரைத் துளைத்துக்கொண்டு புயலின் கதிர் உள்ளே போகிறது. நினைவுச் சில்லு குழம்புகிறது. குழம்பிய மனைமதி வெளிக்கதவைத் திறந்துவிடுகிறது. பெட்டியில் ஒரு கீறல்கூட விழுவதில்லை. குறை கண்டவர்களில் குறை எழுத ஒருவரும் மிஞ்சவில்லை.

சூசையிடம் பதிவேட்டைக் காட்டினாள். அன்றே கரும்பாறையை வாங்கினார்கள்.

வெண்முத்தின் கீழே எச்சரிக்கை எழுதப் பார்த்தாள். வாங்கியவர்கள் மட்டுமே கருத்துச் சொல்லலாம் என்று திரை மறுத்தது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போனாள். "இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லையேம்மா" என்றார் அதிகாரி, உண்மையான அக்கறையோடு. முப்பத்தொன்றாம் வீட்டுக்காரனிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான்.

கரும்பாறையை வாங்கிய பத்தொன்பதாம் நாள் சங்கு ஊதியது. சூரியப் புயல். அமலியும் சூசையும் மாடத்துக்குக் கீழே ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்தார்கள். நான்கு விசிறிகளும் இரைந்தன. நடுவில் ஒருமுறை இரைச்சல் தேய்ந்து, விக்கி, ஏறக்குறைய நின்றது. "மாதாவே, ஓடிரு, ஓடிரு" என்று அமலி கத்தினாள். வெளிக்கதவின் தாழ் ஒரு தடவை அசைந்தது. பிறகு மறுபடியும் இரைச்சல் எழுந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. விசிறியைப் பார்த்து அழுதாள்.

புயல் ஓய்ந்து நடைபாதைக்கு வந்தபோது கிழக்கு வரிசையில் ஒன்பது கதவுகளுக்கு மேல், உள்ளே காற்றில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பத்தொன்றும் அதில் ஒன்று.

மாதங்கள் போயின. இனிமையான சத்தம் மெல்ல மெல்ல வெறும் சத்தமானது. பிறகு தலைவலியானது. சூசை பேசினால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. 'உங்கள் கரும்பாறை எப்படி இருக்கிறது?' என்று சந்தைத் திரை தினமும் கேட்டது. அவள் தினமும் தள்ளிவிட்டாள். ஒருநாள் தூசி தட்டத் திறந்தபோது மூடி விழுந்து கட்டைவிரல் நகம் கறுத்துப் போனது. வலியோடு திரும்பினால் திரையில் அதே கேள்வி. ஆத்திரத்தில் தட்டினாள். 'சனியன். நிம்மதி போச்சு. விரலும் போச்சு. ஒரு நட்சத்திரம்.' அனுப்பியதும் மனசு கொஞ்சம் லேசானது. பிறகு மறந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் தட்டினாள். தென்காசிப் பக்கத்துக்காரி, பெயர் உலகம்மாள். வயிற்றில் ஏழு மாதம். கையில் இன்னும் பிரிக்காத வெள்ளைப் பொதி.

"அமலோற்பவம் அக்கா நீங்கதானே? நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அந்தச் சத்தப் பெட்டியத்தான் வாங்க இருந்தோம். நல்லவேள, நீங்க எழுதுனதப் படிச்சேன்."

அமலி பொதியைப் பிடுங்கப் பார்த்தாள். "ஐயோ, அது வேண்டாம் தாயி! அதத் திருப்பிக் குடுத்துரு. அது ஆளக் கொல்லுத பெட்டி. புயல் வந்தா கதவத் தொறந்துரும். கெழக்கு வரிசையில மட்டும் ஒம்பது வீடு போயிட்டு, சத்தியமாச் சொல்லுதேன்!"

உலகம்மாள் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள். அக்காவுக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்தவள் போல, மெதுவாக, வருத்தத்தோடு கேட்டாள்.

"அப்படி இருந்தா யாராச்சும் ஒருத்தராவது எழுதியிருப்பாங்கல்லக்கா?"