கரடி சொல்லுது

கரடியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்று நின்றான் அந்தப் பொடியன்.

நாலு வயதுதான் இருக்கும். மூக்கு ஒழுகியது, கண்ணும் ஒழுகியது. "அம்மா...!" என்று அவன் போட்ட கூச்சலில், சுற்றிக்கொண்டிருந்த குதிரை ராட்டினமே நின்றுவிடும் போலிருந்தது.

பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் பட்டாசு. கரடிக்குள் இருப்பது அவளுடைய சொந்த அக்கா!

பட்டாசுக்கு வயது பத்து. வாயைத் திறந்தால் வெடித்துக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. அக்கா கல்லூரி மாணவி. விடுமுறையில் கேளிக்கைப் பூங்காவில் சம்பளத்தோடு இரண்டு மாதப் பயிற்சி. என்ன வேலை கொடுப்பார்கள் என்று வீடே காத்திருந்தது. கரடி வேலை கொடுத்தார்கள்; கரடி உடைக்குள் புகுந்து பிள்ளைகளுக்குக் கையாட்ட வேண்டும்.

கரடிக்குச் சட்டங்கள் உண்டு. பேசக் கூடாது. ஆட்கள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. மீறினால் அன்றோடு வேலை போச்சு. இருபது நிமிடத்துக்கு மேல் வெளியே நிற்கவும் கூடாது. உள்ளே அவ்வளவு சூடு.

"கிட்ட வந்து அக்கான்னு கூப்பிட்டே, தொலைச்சுடுவேன்!" என்று காலையிலேயே அக்கா மிரட்டியிருந்தாள்.

கரடியோடு எப்போதும் கூட நடக்கும் துணை அண்ணன், தண்ணீர் எடுத்துவரப் போயிருந்தார். கூச்சல் கேட்டுக் காவலாளிதான் ஓடி வந்தார்.

"தம்பி, மாமாகிட்ட வா..."

அவருடைய மீசையைப் பார்த்தான் பொடியன். கூச்சல் இரண்டு மடங்கானது. பிடி மூன்று மடங்கானது.

பட்டாசு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு நிமிடம் முடிந்திருந்தது! கரடியின் தோள் தொங்கியது. லேசாகத் தள்ளாடியது.

தலையைக் கழற்றினால் அக்காவின் வேலை போய்விடும். அதைவிட, கரடியின் தலை தனியே கழன்று வருவதைப் பார்த்தால் இந்தப் பொடியன் என்ன ஆவான்?

நாலே தாவலில் பட்டாசு அங்கே நின்றாள். எக்கிக் கரடியின் வாயில் காதை வைத்தாள்.

"ம்... ம்... அப்படியா?"

பிறகு பொடியன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "கரடி உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுது."

அழுகை டக்கென்று நின்றது. "கரடி பேசுமா?"

"கரடி பாஷைல பேசும். எனக்கு மட்டும்தான் புரியும்."

கரடி ஒரு நொடி திகைத்தது. பிறகு பெரிதாகத் தலையாட்டியது.

"உன் பேர் என்னன்னு கேக்குது."

"செல்லம்."

"உங்கம்மா பேரு?"

"அம்மா."

"எப்படி இருப்பாங்க?"

"அழகா இருப்பாங்க."

காவலாளி தலையைச் சொறிந்தார். "நல்லா விசாரிச்சே போ! இதை வெச்சு நான் யாரைத் தேடுறது?"

அப்போதுதான் பட்டாசு கவனித்தாள். பொடியனின் சட்டை, கால்சட்டை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. என்னதான் அழுதாலும் முட்டிவரையா நனையும்?

"கரடி கேக்குது, நீ படகுல போனியா?"

"ஆமா! மேலேர்ந்து தொப்புன்னு விழுந்துச்சு! அம்மாதான் கத்துனாங்க. நான் கத்தல."

பட்டாசின் மூளையில் பொறி தட்டியது. படகு மேலிருந்து பாயும்போது, அதில் இருப்பவர்களை ஒரு கேமரா தானாகவே படம் பிடிக்கும். வெளியே இருக்கும் படக்கடையில் அந்தப் படங்கள் திரையில் வரும்!

"மாமா! இவன் படம் படக்கடையில இருக்கும். பக்கத்துலயே அம்மாவும் இருப்பாங்க!"

காவலாளியின் மீசை நிமிர்ந்தது. "அட! எனக்குத் தோணலியே!"

"கரடியும் வருதாம். கையைப் பிடிச்சுக்கோ, செல்லம்."

படக்கடைக்குப் பின்னால்தான் கரடியின் உடைமாற்றும் அறை. அதுவும் பட்டாசுக்குத் தெரியும்.

கடைக்காரர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஐந்தாவது படத்தில், "அதோ நான்!" என்று குதித்தான் பொடியன். பக்கத்தில் கத்தரிப்பூ நிற உடையில் ஒரு பெண், வாயை ஆவென்று பிளந்திருந்தார்.

காவலாளி வாக்கிடாக்கியில் அடையாளம் சொன்னார். ஒரே நிமிடம். கத்தரிப்பூ நிறம் தலைதெறிக்க ஓடி வந்தது.

"செருப்பு மாட்டக் குனிஞ்சேன்... நிமிர்றதுக்குள்ள..." அதற்குமேல் பேச வரவில்லை. மகனை அள்ளிக்கொண்டு அழுதார்.

"அழாதீங்கம்மா," என்றான் பொடியன். "அதான் கரடி இருக்குல்ல?"

இறங்கி ஓடி வந்து கரடிக்கு ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனான்.

காவலாளி சிரித்தார். "ஏம்மா, கரடி வேற என்ன சொல்லுது?"

"'வழி விடுங்க, நான் அவசரமா உள்ளே போகணும்'னு சொல்லுது, மாமா!"

அறைக் கதவு மூடியது. தலை கழன்றது. அக்காவின் முகம் தக்காளிப் பழமாய்ச் சிவந்திருந்தது. எங்கெங்கோ தேடிவிட்டு ஓடி வந்த துணை அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அக்கா வாங்கினாள், ஆனால் குடிக்கவில்லை.

"எப்படிடி இருந்தான்?"

"நீ பாக்கலியா?"

"கரடி வாய் வழியா நேரா மட்டும்தான்டி தெரியும். ஒரு குட்டிக் கை என் விரலைப் பிடிச்சிருந்தது மட்டும்தான் தெரிஞ்சுது."

"போறப்போ முத்தம் குடுத்தானே!"

"எனக்கா? எங்கே?"

பட்டாசு கரடியின் தொப்பையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே சின்னதாய் ஓர் ஈரம். "இங்கே. கொஞ்சம் சளியும் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்," என்ற அக்கா, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் குடித்தாள்.