எட்டு மணிக்கு எண்ணுங்க!

அவளை எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா தையல்காரர். இவளோ வகுப்பிலேயே குள்ளம். பெயர் வைக்க வேறு காரணம் வேண்டுமா என்ன?

பொத்தான் சைக்கிள் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. தினமும் அதில்தான் பள்ளிக்குப் போகிறாள். இப்போது அந்தச் சைக்கிளுக்கு ஆபத்து. அவள் தெருவை ஒட்டிப் பெரிய கடை வளாகம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அது திறந்தா சரக்கு லாரியெல்லாம் நம்ம தெரு வழியாத்தான் வரும். அன்னிக்கே உன் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழ போயிடும்” என்றார் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. வளாகத்தை ஒட்டி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை போடப்போகிறார்கள். ஆனால் ஒரு பக்கம்தான் போடுவார்களாம். முன்னால் இருக்கும் பெரிய சாலையிலா, பின்னால் இருக்கும் இந்தத் தெருவிலா என்று முடிவு செய்ய, ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை பொத்தான் பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மாவின் தையல் கடைக்கு எதிரே மஞ்சள் கோட்டு போட்ட அக்கா ஒருவர் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குடை மடங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

பொத்தான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து அழுத்தினாள். குடை மடங்கியது. அக்காவின் கையில், கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று எண்ணும் கருவி இருந்தது.

“எத்தனை பேர்க்கா?”

“மொத்தமே பதினொண்ணு. இந்தப் பக்கம் யாருமே வர்றதில்லையே!”

“என்னக்கா சொல்றீங்க? எங்க வகுப்புலயே இருபது பேர் வர்றோமே! நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“பத்து மணிக்கு. ஆபீஸ் அப்பத்தானே திறக்கும்? நாலு மணிக்குக் கிளம்பிடுவேன்.”

“பத்துலேர்ந்து நாலு வரைக்கும் நாங்கெல்லாம் பெஞ்சுலதானே இருப்போம்!”

அக்கா கையிலிருந்த கருவியைப் பார்த்தார். “அட, ஆமால்ல!” என்றார். “நாளைக்குச் சாயந்திரம் எஞ்சினியர் சார் வர்றார். அவர்கிட்ட சொல்லிப் பாரு.”

மறுநாள் காலை ஏழரைக்கே பொத்தான் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நடந்து போனவர்களுக்கு வெள்ளைப் பொத்தான், சைக்கிளுக்குக் கறுப்பு. ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். தம்பியும் ஒன்று போட்டான்.

“அது யாருக்குடா?”

“அந்த நாய் நடந்து போச்சே!”

“நாய்க்கெல்லாம் கிடையாது” என்று அதை எடுத்துவிட்டாள்.

மாலையில் எஞ்சினியர் வந்தார். பொத்தான் டப்பாவை அம்மாவின் மேசையில் கவிழ்த்தாள். ஒரு மணி நேரத்தில் அறுபத்து நாலு வெள்ளை, முப்பத்தெட்டு கறுப்பு.

எஞ்சினியர் தலையைச் சொறிந்தார். “இதை நான் எப்படிம்மா ஃபைல்ல வைக்கிறது?”

“வேணும்னா தைச்சுத் தர்றேன் சார்” என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். பொத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. பொத்தான்களை மறுபடி டப்பாவில் அள்ளிப் போட்டாள். ஆனாலும் விடவில்லை.

“அப்போ நாளைக்குக் காலையில நீங்களே வந்து எண்ணுங்க சார்.”

“காலையிலயா? எத்தனை மணிக்கு?”

“ஏழரைக்கு.”

எஞ்சினியர் கொட்டாவி விட்டார். இப்போதே தூக்கம் வந்துவிட்டது போலும்.

ஆனால் வந்தார். தலைகூடச் சரியாக வாரவில்லை. மஞ்சள் கோட்டு அக்கா பக்கத்தில் நின்றார். டிக், டிக், டிக். பை தூக்கிய பிள்ளைகள், பால்காரர், வேலைக்குப் போகும் பெண்கள். அக்காவின் கட்டைவிரலுக்கு ஓய்வே இல்லை. எட்டரைக்குக் கருவி நூற்றைத் தாண்டியிருந்தது.

எஞ்சினியர் வரைபடத்தை விரித்தார். பெரிய சாலையில் போட்டிருந்த கோட்டை அடித்துவிட்டு, பொத்தானின் தெருவில் சிவப்புக் கோடு இழுத்தார்.

“பெரிய சாலையில நாள் முழுக்க எண்ணியும் இவ்வளவு வரல. பாதை இந்தப் பக்கம்தான். இதைத்தான் மேலிடத்துக்கு எழுதப்போறேன். பாதை முடிஞ்சப்புறம்தான் லாரியை விடணும்னும் சேர்த்தே எழுதிடறேன்.”

பொத்தான் அம்மாவைப் பார்த்தாள்.

“என்னை என்ன பார்க்கிறே? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, சைக்கிளை எடு” என்றார் அம்மா.

பொத்தான் ஏறி மிதித்தாள். அக்காவைக் கடந்தபோது ‘டிக்’ என்று கேட்டது. அட, அது அவளுக்காக அடித்த டிக்! தெருமுனை வரை போனவள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் கடந்தாள்.

“ஏய், உன்னைத்தான் எண்ணியாச்சே!” என்று கத்தினார் அக்கா.