வாயில் அடங்காத மீன்

நெஞ்சில் ஈரமுள்ளோரே, நீதி இன்னும் சாகவில்லை என்று நம்புவோரே, வாருங்கள்! வீதியோரம் விலகிப் போகாதீர்கள். விளக்கேற்றாத இந்த வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே வந்து பாருங்கள். இங்கே ஒருத்தியின் குரல் களவு போயிருக்கிறது. பூட்டை எவரும் உடைக்கவில்லை. கத்தியை எவரும் காட்டவில்லை. கனிவாகச் சிரித்தார்கள், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள், அவ்வளவுதான். சாட்சி சொல்ல ஆளில்லாத அநியாயம் இது. நீங்களாவது கண்ணால் காணுங்கள்.

அந்தி மங்கும் வேளை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை வீடு திரும்பினாள். கூடம் இருண்டு கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத வழி காலுக்குத் தெரியும் என்ற துணிவில் நடந்தவளின் முழங்காலில் மரம் மோதியது. அலமாரி! காலையில் அது சமையலறைச் சுவரோரம் இருந்தது. இப்போது நடுக்கூடத்தில் முதுகைக் காட்டி நின்றது. சோபா சன்னலை அடைத்துக் கிடந்தது. சாப்பாட்டு மேசை மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியிருந்தது. கழுவிய கூழாங்கல்லின் பாசி வாடை வீடெங்கும் பரவியிருக்க, அந்த வாடைக்கு அடியில், எங்கோ ஒரு மூலையில், எவரோ பொறுமையாகச் சப்புக்கொட்டுவதைப் போல நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு, வாத்தியாரம்மாவா? பார்த்து வா. இடமெல்லாம் மாத்தியிருக்கு."

மாமனாரின் குரல். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் கண்ணாலேயே அளப்பவர். மீன்தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டு, கல்லையும் செடியையும் இடம் மாற்றி நட்டுக்கொண்டிருந்தார். தொட்டியின் விளக்கும் அணைந்திருந்தது. சின்னஞ்சிறு தொட்டி, அதில் பொடி மீன்களாக நியான் டெட்ராக்கள் சில, கப்பிகள் சில, இவற்றுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஓர் ஏஞ்சல் மீன். தன் கல்லைத் தொலைத்த அந்த மீன் திகைத்து நின்றது.

"சோபாவை ஏன் மாமா அங்க போட்டீங்க?"

"புது மீன் விடறதுக்கு முன்னாடி இருக்கிற இடத்தைக் கலைச்சு விடணும்மா. அப்பத்தான் பழசு, இது என் மூலை, இது என் கல்லுன்னு வம்புக்குப் போகாது. மீனுக்கு மட்டுமா? மனுஷனுக்கும் அதே கதைதானே!" என்று சிரித்தார். "உன் தங்கச்சி வரா இல்ல?"

"எந்தத் தங்கச்சி?"

"உனக்கு எத்தனை தங்கச்சி இருக்காங்க? ஒரே வாயாடிதானே!"

இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்கப்போகிறேன் என்று தங்கை சொல்லியிருந்தாள். விடுதிதான் நல்லது என்று அக்காவும் அழுத்திச் சொல்லியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பின்னறையில் குடியிருந்த செவிலிப்பெண் ஒருநாள் காணாமற்போனாள். காலணி வாசலில் கிடந்தது, ஆள் இல்லை. "நம்மோட பொருந்தல, போயிட்டா" என்றார் மாமியார். வெறுங்காலோடா என்று கேட்க எழுந்த கேள்வி அவளுடைய தொண்டையிலேயே உப்புப்போலக் கரைந்தது. அந்தத் தொண்டை இப்போதெல்லாம் எதையும் கரைத்தது. புகுந்த நாளில் பாடிக்கொண்டே வேலை செய்தவள். "சின்ன வீடும்மா, சத்தம் முட்டுது" என்றார்கள், பாட்டை விட்டாள். சிரிப்பை விட்டாள். தோழியரை விட்டாள். வகுப்பில் கடைசி வரிசைக் குழந்தைகள் காதைக் குவித்தும் கேட்காமற்போகவே, கரும்பலகையை நம்பினாள். நாவைப் பறிகொடுத்தவளுக்கு நல்லவள் என்று பெயர் சூட்டினார்கள்!

"யாரு கூப்பிட்டாங்க அவளை?"

"நான்தான்." கணவன் அலமாரியின் மறுபுறத்திலிருந்து எட்டிப் பார்த்தான். எவ்வளவு நேரமாக அங்கே நின்றானோ! "சொந்த அக்கா இருக்கும்போது எதுக்கு விடுதி? ஊர் என்ன பேசும்?"

"அவளுக்கு இங்க ஒத்துக்காதுங்க."

"உனக்கும் ஒத்துக்காதுன்னுதான் உங்க வீட்ல சொன்னாங்க," என்றான் அன்பாக. "இப்பப் பாரு."

மாமனார் ஈரக்கையை உதறினார். "எந்த மீனோட எந்த மீன் சேரும்னு பார்க்கிறதுல ஒரு கணக்கு இருக்கும்மா. சாதுவா, முரடா, கூட்டமா வாழுமா, தனியா வாழுமா, எல்லாம் பார்க்கணும். ஆனா ஒண்ணோட வாயில இன்னொண்ணு அடங்கக் கூடாது. அடங்குற அளவா இருந்தா, அது எத்தனை சாதுவா இருந்தாலும், பழசோட வாய் ஒருநாள் தானாத் திறந்துடும். அதைக் குத்தம் சொல்லவும் முடியாது, பாவம்." விரலிடையில் ஓர் அளவைப் பிடித்துக் காட்டியவர், அந்த விரல்களை மெல்ல அவள் பக்கம் திருப்பினார். "தங்கச்சி உன் உயரம் இருப்பாளா?"

அவள் பின்வாங்கினாள். "என்னைவிட... உயரம்."

"போட்டோவுல அப்படித் தெரியலையே," என்றார்.

"பேச்சு போதும், சாப்பிட வாங்க," என்று மாமியார் அழைத்தார். "எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிடணும். பசியோட இருந்தா வர்ற பொண்ணு கிட்ட நல்லபடியா நடந்துக்க மாட்டோம்."

மூவரும் இருட்டிலேயே அமர்ந்து உண்டார்கள். மெல்லும் ஒலி மட்டும், மெத்தென்று, ஈரமாக, ஒரே தாளத்தில் எழுந்து அடங்கியது. ஒருவர் விழுங்கும்போதே மற்ற இருவரும் விழுங்கினார்கள். அவளுடைய தட்டிலும் சோறு விழுந்தது. அவள் எழுந்து குளியலறைக்குள் ஓடித் தாழிட்டாள். அலைபேசியில் தங்கையை அழைத்தாள்.

"அக்கா! வாசல்ல வந்து இறங்கிட்டேன்! என்ன வீடு இது, ஒரு லைட்டைக் காணோம்? கரண்ட் பில் கட்ட மறந்துட்டாரா அத்தான்?"

வராதே. ஒரே சொல். இதழ் பிரிந்தது, நாக்கு அசைந்தது, காற்று வந்தது, ஒலி வரவில்லை. மீண்டும் முயன்றாள். இதழ் பிரிந்து மூடியது. பிரிந்து மூடியது. குளியலறைக் கண்ணாடியில் அதைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஹலோ? அக்கா? சரி சரி, கதவு திறக்கிறாங்க. உள்ள வந்து வச்சிக்கிறேன் உன்னை!"

கூடத்துக்கு ஓடினாள். அலமாரியில் இடித்து, நாற்காலியில் தடுக்கி, தன் வீட்டிலேயே வழி தெரியாமல் ஓடினாள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடி அடைத்த சிறு முகப்பு ஒன்று உண்டு. வெளிக்கதவு சாத்தியாகிவிட்டது. உள்கதவு திறக்கவில்லை. நடுவிலே, பெட்டியும் பையுமாக, தங்கை. கைக்கெட்டும் தூரம்.

"கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும்," என்று மாமியார் ஆசிரியையின் கையைப் பற்றினார். ஈரக்கை. "புது மீன் மாதிரிதான், உடனே விட்டா அதிர்ச்சி ஆயிடும். நம்ம காத்து பழகட்டும்."

கணவன் உள்கதவின் சிறு சாளரத்தை விரற்கடை திறந்தான். மூடினான். பொறுத்தான். இன்னும் சற்றே திறந்தான். தங்கை கண்ணாடியைத் தட்டினாள். பழிப்புக் காட்டினாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். பிறகு இருமினாள். அவளுடைய மூச்சு கண்ணாடியில் பனியாகப் படிந்தது. பனிக்குள் அந்த முகம் மங்கியது. தட்டும் ஓசையும் தளர்ந்தது.

"போதும்," என்றார் மாமனார்.

கதவு திறந்தது.

"என்ன, எல்லாரும் இப்படி இருட்டுல நிக்கிறீங்க? நான் என்ன பேயா?" என்று உள்ளே வந்தாள் தங்கை. எவரும் சிரிக்கவில்லை. எவரும் நகரவில்லை. தட்டுத்தடுமாறி விளக்கின் பொத்தானைத் தேடினாள். அது மாடிப்படிக்கு அடியில், மேசைக்குப் பின்னால், கைக்கு எட்டாமல் இருந்தது. அப்போதுதான் பார்த்தாள். மூன்று முகங்கள். இமைக்கவில்லை. மூன்று வாய்கள். வட்டமாகத் திறந்தன. மூடின. திறந்தன. ஒரே தாளத்தில்.

"அக்கா?"

ஓடி வந்தாள். தெரிந்த முகம் அது ஒன்றுதானே! அக்காவைக் கட்டிக்கொண்டு மார்பில் முகம் புதைத்தாள். "அக்கா, வா, போயிடலாம்."

ஓடு என்று சொல்ல ஆசிரியை வாயைத் திறந்தாள்.

திறந்தது.

நிற்கவில்லை.

தாடை நெகிழ்ந்தது. வலியில்லை. ஒலியில்லை. இன்னும் திறந்தது. மூட முயன்றாள். முடியவில்லை. தள்ளிவிடக் கை எழவில்லை. தங்கையின் கூந்தலில் பயணத்து வெயிலின் மணம். வகிடு, ஒரு வெள்ளைக் கோடு. மிக அருகில். கண்ணீர் அதன்மேல் விழுந்தது. இன்னும். இன்னும்.

"நல்லாப் பொருந்திட்டா நம்ம மருமக," என்றார் மாமியார்.

கண்டீர்களா? கண்டபின் காலடி மாற்றி நிற்கிறீர்களா? அவர்கள் குடும்ப விவகாரம் என்று தோளைக் குலுக்குகிறீர்களா? அந்த வாய் இன்னும் மூடவில்லை! அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு மூச்சு இருக்கிறது! உங்கள் தெருவிலே இருண்ட வீடு எதுவோ, பேசிக்கொண்டிருந்தவள் பேசாமற்போன வீடு எதுவோ, அந்த வீட்டுக்கு இப்போதே போங்கள். கதவைத் தட்டுங்கள். திறக்க மறுத்தால், உடையுங்கள்!