ஒத்திவைக்கப்படாத விசாரணை

புருமுண்டா என்ற சிற்றூருக்குள் விசாரணைக் குழுவோடு நாங்கள் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி. எங்கள் நாட்டில் ஜூன் என்றால் நல்ல குளிர்காலம். கோதுமைக் கிடங்குகளைத் தாண்டிக் கடைத்தெரு முனையில் முன்னாள் படைவீரர் மன்றம், பாரும் சாப்பாட்டுக் கூடமுமாக. வெள்ளிக்கிழமை என்பதால் கோழி பொரிக்கிற வாசனை வாசல் வரை வந்தது. நான் க்ளெண்டா ஹாஸ்கின். விசாரணைகளில் பேச்சை ஒலிப்பதிவு செய்வது என் வேலை. இருபத்தாறு வருடச் சர்வீஸ். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள்தான் நான், அன்றைக்கு வரை.

இருபது வருடங்களுக்கு முன் நாட்டைப் பாலைவனப் போருக்கு அனுப்பிய அமைச்சரவையில் டெஸ்மண்ட் பாஸ்கோ பாதுகாப்பு அமைச்சர். எதிரியிடம் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆயுதங்கள் அங்கே இல்லவே இல்லை என்று உளவுத்துறை மூன்று பக்கக் குறிப்பு எழுதியிருந்தது. படையை அனுப்பும் முன் அதைப் படித்தாரா? இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். ஐந்து முறை தேதி கொடுத்தும் ஐந்து முறையும் அவருக்கு நெஞ்சுவலி. கடைசியில் விசாரணைக் குழுவே அவர் ஊருக்கு வந்துவிட்டது. அன்றோடு குழுவின் காலமும் முடிகிறது. அன்று தப்பினால் ஆயுசுக்கும் தப்பிவிடுவார்.

மன்றச் செயலாளர் கெவ் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஹாலைத் தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா தினமும் ஆறு மணிக்கு லைட்டை அணைச்சு, போர்ல செத்தவங்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம். ஜட்ஜம்மாவா இருந்தாலும் எந்திரிச்சு நிக்கணும்."

குழுத் தலைவர் எலிசா லட்லோ, ஓய்வுபெற்ற நீதிபதி. "போர்ல செத்த எங்கப்பா பேரு எங்க ஊர் மன்றச் சுவத்துல இருக்கு கெவ். எனக்கே பாடமா?" என்று சிரித்தார்.

பாஸ்கோ வந்தார். எண்பத்து மூன்று வயது. இஸ்திரி கலையாத கோட்டு, நல்ல ரோஸ் நிறக் கன்னம். நெஞ்சுவலிக்காரர் மாதிரியா இருந்தார்? பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் மழுப்பினார். "ஞாபகம் இல்லை" என்று அறுபத்தொரு முறை சொன்னார். நான் எண்ணினேன், எரிச்சலில்.

முன்வரிசையில் நோலீன் வார்டல் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் ட்ராய் அந்தப் போரில் வண்டிக்கு அடியில் வெடித்த குண்டில் போனவன். வயது இருபத்துமூன்று. ஒரே ஒரு கேள்வி கேட்க நோலீனுக்கு அனுமதி கிடைத்தது.

"என் பையன் பேராவது உங்களுக்குத் தெரியுமா டெஸ்?"

"மன்னிக்கணும்மா. நிறையப் பேரு போனாங்க. ஒவ்வொரு பேரும் எப்படி ஞாபகம் இருக்கும்?"

நோலீன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு. வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. கெவ் மணியடித்து விளக்குகளை அணைத்தார். வழக்கம்போல எல்லோரும் எழுந்தோம். பக்கத்துக் கூடத்தில் பீர் கிளாஸ்கள் கீழே வைக்கிற சத்தம், சூதாட்ட மெஷின்கள் ஓய்கிற சத்தம். நினைவுச் சுடர் மட்டும் மூலையில் எரிந்தது. கெவ் இறந்தவர்களுக்கான வரிகளைச் சொன்னார். அதன்பின் ஒரு நிமிட மௌனம்.

முதலில் வாசனை போயிற்று.

பொரித்த கோழியின் இடத்தில் சுட்ட மணலும் டீசலும் நாறின. பிறகு நடை கேட்டது. அந்த ஹாலில் தரைவிரிப்பு போட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்டதோ சரளையில் பூட்ஸ் அரைபடும் சத்தம். பலர். வரிசையாக. என் தோளை ஒட்டி, அவசரமே இல்லாமல் போனார்கள்.

பாஸ்கோவின் நாற்காலிக்கு எதிரே நின்றார்கள்.

யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நிமிடத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. நானும் கைகளைப் பக்கவாட்டில் வைத்து நின்றேன்.

பாஸ்கோதான் பேசினார்.

"ஆமா."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"படிச்சேன். மூணு பக்கத்தையும். அனுப்பறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி."

மறுபடி ஒன்றுமில்லை.

"நான் மட்டும் இல்லப்பா. நாங்க நாலு பேரு." மற்ற மூன்று பேர்களையும் சொன்னார். நாடறிந்த பேர்கள்.

அப்புறம் குரல் கெஞ்சியது. "தெரியும்... ட்ராய். ட்ராய் வார்டல். உக்காருங்கப்பா எல்லாரும். எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?"

இருட்டில் நோலீன் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"மறக்க மாட்டோம்" என்றார் கெவ், உடைந்த குரலில். நாங்களும் சொன்னோம். விளக்குகள் எரிந்தன.

பாஸ்கோ டையைச் சரிசெய்தார். "எங்க விட்டோம்? ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டிருந்தேன், இல்லையா?"

அவருடைய வக்கீல் பாய்ந்து எழுந்தார். "இது செல்லாது மேடம்! மௌனத்துக்காக விசாரணையை ஒத்திவெச்ச நேரம் அது!"

எலிசா வெளுத்த முகத்தோடு மெல்லச் சொன்னார்: "நான் ஒத்திவைக்கவே இல்லையே. சொல்ல மறந்துட்டேன். மணி அடிச்சதும் எல்லாரும் நம்ம பாட்டுக்கு எந்திரிச்சுட்டோம். க்ளெண்டா, மெஷினை நிறுத்தினியா?"

நிறுத்தவில்லை. அடித்துப்பிடித்து எழுந்து நின்றதில் எனக்கும் மறந்துபோயிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்போ அவர் சத்தியத்துல இருந்தபடிதான் பேசியிருக்கார்" என்றார் எலிசா. அன்று இரவே அறிக்கையில் கையெழுத்தாயிற்று. விசாரணையை நீட்டித்து மற்ற மூவருக்கும் அழைப்பாணை அனுப்பும்படி அதில் எழுதியிருந்தது.

கிளம்பும் முன் பதிவைச் சரிபார்த்தேன். சுவர்க் கடிகாரப்படி ஒரு நிமிடம். என் மெஷினில் பதினொரு நிமிடம். பாஸ்கோவின் பதில்களுக்கு நடுவே எனக்கு எதுவும் கேட்கவில்லை. வெறும் இடைவெளிகள், ஒவ்வொன்றும் ஒரு கேள்வியின் நீளத்துக்கு.

நோலீன் பின்னால் வந்து நின்றிருந்தார். "நான் கேக்கலாமா, கண்ணு?"

ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாஸ்கோ பேசிய இடங்களில் முகம் மாறவே இல்லை. இடைவெளிகளில் தலையாட்டினார். கழற்றித் தரும்போது கன்னமெல்லாம் ஈரம்.

"சளி புடிச்சிருக்கு என் பையனுக்கு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆறு நாள் கழித்து, வேறொரு மாநிலத்தில் ஒன்பதாவது மாடியில் வசிக்கும் ஒருவர் ஆபீசுக்கு ஃபோன் செய்தார். பாஸ்கோ சொன்ன பேர்களில் முதல் பேர். அழைப்பாணையில் என் நம்பர்தான் இருந்தது.

"நானே வந்து சொல்லிடறேன். இன்னிக்கே. லைட்டெல்லாம் போட்டுத்தான் வெச்சிருக்கேன், ஆனா..."

மாலை ஆறு மணி தாண்டி இரண்டு நிமிடம்.

"ஆனா என்ன சார்?"

அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஆமா, படிச்சேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

நான் ஃபோனை வைக்கவில்லை. எழுந்து நின்று, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.