மாதா விளக்கும் பேசாத ஒலிபெருக்கியும்

கிருபையின் அம்மாவை வேலையை விட்டு நிறுத்தி மூன்று நாளாயிற்று. அப்படியும் ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை.

தருவைகுளத்து மீனவர் சங்க அலுவலகத்தில் ஒரு சர்வர் கணினி இருந்தது. அது தினமும் காலை ஐந்தரைக்கு, காற்றின் வேகத்தை இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் சொல்லும். அதைக் கேட்டுத்தான் வள்ளங்கள் கடலுக்குப் போகும். பத்து நாளாக அந்தக் குரல் இல்லை. பிறகு யாராவது கையால் தொடங்கிவிட்டால் ஓடுகிறது. மறுநாள் காலையில் கணினியைப் போட்டால் மறுபடியும் மௌனம்.

"ஆபீஸக் கூட்டும்போது வயர இழுத்திருப்பீய. இனி வேலைக்கு வராதீய!" என்று தெருவில் நின்று கத்தினார் சங்கச் செயலாளர் ஜாக்சன். அம்மா இல்லையென்றாள். யாரும் நம்பவில்லை. குழாயடியில், "வயரு வாரா, தள்ளி நில்லுங்க" என்று சிரித்தார்கள். அம்மா குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிருபைக்குப் பதினோரு வயது. நாலாம் நாள் காலை ஐந்து மணிக்கே அலுவலக வாசலில் போய் நின்றாள். ஜாக்சன் கணினியைப் போட்டுவிட்டு, தானே கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலைக் குப்பை இன்னொரு மூலைக்குக் குடிபோனது.

"இப்ப யாரு சித்தப்பா வயர இழுக்கா?"

"ஏளா, காலங்காத்தால வாய் காட்டாத. கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன். இந்தா, ஜெயகணேஷு லைன்ல இருக்கான். அவன் கேக்கத வாசிச்சுச் சொல்லு."

தூத்துக்குடியில் இருக்கும் ஜெயகணேஷ்தான் அந்த லினக்ஸ் சர்வரை அமைத்தவர்.

"காத்து வேகத்தச் சொல்லுத சர்வீஸ் ஏன் நின்னுச்சுன்னு திரையில இருக்கும், பாரு." கொட்டாவியோடு சொன்னார்.

கிருபை எழுத்துக் கூட்டினாள். "ஐஞ்சு மணி ரெண்டு நிமிஷம். நெட்வொர்க் இல்லன்னு போட்டிருக்கு. அப்புறம், பெயில்டு."

"நெட்டு வர்ற மோடத்துல பச்ச லைட்டு எரியுதா?"

"ஒரு லைட்டும் எரியல."

"நான் சொல்லல? வயரு!" என்றார் ஜாக்சன்.

கிருபை மேசைக்கு அடியில் குனிந்தாள். மோடத்தின் வயர் ஒழுங்காகத்தான் செருகியிருந்தது.

ஜாக்சன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். கூட்டி முடித்த பிறகுதான் மாதா சுரூபத்துக்கு விளக்குப் போடுவது அங்கே வழக்கம். சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். மாதாவைச் சுற்றிய புதுச் சீரியல் விளக்கு மினுங்கியது.

கிருபையின் மூக்குக்கு நேரே மோடமும் மினுங்கியது.

"சித்தப்பா! விளக்க அணைங்க."

"மாதா விளக்கையா?"

"ஒரே ஒரு நிமிஷம்."

அணைத்தார். மோடமும் அணைந்தது. போட்டார். அதுவும் எரிந்தது.

புது விளக்கு வந்து பத்து நாள். அதற்காக வாங்கி அந்தச் சுவிட்சில் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே மோடத்தையும் செருகியது யார் என்று கிருபை கேட்கவில்லை. ஜாக்சன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"சர்வர் எந்திச்சதும் நெட்டத் தேடுது," என்றார் ஜெயகணேஷ். "நீங்க கூட்டி முடிச்சு விளக்கப் போட்டு நெட்டு வரவே இருவது நிமிஷம் ஆவுது. சர்வீஸ் ஒரு தடவ தேடிட்டுப் படுத்துருது. கிடைக்கிற வரைக்கும் நிமிஷத்துக்கு ஒருக்க முயற்சி பண்ணுன்னு நான் ஒரு வரி எழுதியிருக்கணும். இங்கனருந்தே எழுதிடுதேன்."

எழுதினார். கிருபை விளக்கை அணைத்துக் கணினியை மறுபடி தொடங்கினாள். காத்திருந்து விளக்கைப் போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மணி ஐந்தரை. கரகரத்துக்கொண்டு ஒலிபெருக்கி காற்றின் வேகத்தைச் சொன்னது.

"ஜெயகணேஷு கெட்டிக்காரன்தாம்லே!" என்று கரையில் யாரோ கத்தினார்கள். ஜாக்சனும் தலையாட்டினார்.

"நாளைக்கு ஒங்க அம்மய வேலைக்கு வரச் சொல்லு."

"நீங்க வந்து சொல்லுங்க. வராதீயன்னு தெருவே கேக்கத்தான சொன்னீய?"

சாயங்காலம் அவர் வந்தார். தெருவில் நின்று, "மைனி, வயர மாத்துனது நாந்தான். நாளைக்கு வந்துருங்க" என்று முனகினார்.

"சத்தமா, சித்தப்பா" என்றாள் கிருபை.

இன்னொரு முறை சொன்னார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மன்னிப்பு மட்டும் அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்த யாரையும் ஒரு டம்ளர் கொடுக்காமல் அம்மா அனுப்பியதில்லை. அன்றைக்கு இரண்டே டம்ளரில் ஊற்றினாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று, சர்க்கரை கூடுதலாகப் போட்டு, கிருபைக்கு.